கல்குவாரி எந்தத் திணை? தாம்பரம் வட்டாரப் பள்ளங்களும் பூக்களும் குறித்த முதல்நிலை ஆய்வு

மலைப்பிளவுகளில் கயிறு கட்டி இறங்கி, வழியில் காட்டுப்பூக்களைப் பார்த்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் ஒருநாள் பயணம் ஐரோப்பாவில் ஒரு முறையான பொழுதுபோக்கு. அதற்கென்று தனி உடுப்பு, தலைக்கவசம், வழிகாட்டி எல்லாம் உண்டு. பரங்கிமலைக்குத் தெற்கே இத்துறை ஏன் வளரவில்லை என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இவ்வாய்வு.

பள்ளத்தாக்குக்கு மலை வேண்டும், காலம் வேண்டும், ஆறு வேண்டும் என்பர் நிலவியலார். மலை இருந்தது. காலத்துக்கும் குறைவில்லை, இங்குள்ள பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆறுதான் சிக்கல். அடையாற்றை நம்பினால் ஆகிற காரியமா? எனவே திரிசூலம், பல்லாவரம், பம்மல் பக்கத்தில் மனிதனே ஆற்றின் வேலையை எடுத்துக்கொண்டு, டிரில் போட்டு, வெடி வைத்து, சில பத்தாண்டுகளில் முடித்துக்கொடுத்தான். இந்தக் கருங்கல்லுக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இதே வகை என்பதால் வந்த பெயர் அது. பரங்கிமலையில் இது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். பக்கத்து ஊரில் முக்கால் ஜல்லி.

முன்னோடிகள் இருவர். ஏழாம் நூற்றாண்டில் பல்லாவரம் மலையைக் குடைந்த மகேந்திரவர்மன் முதலாமவன். அவன் உளியோடு நிறுத்திக்கொண்டதால் குடைவரையோடு மலையும் மிஞ்சியது. மற்றவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளினார். மே மாத வெயிலில், அதுவும் பல்லாவரத்தில், குழிக்குள் குனிந்து பார்த்தவர் என்ற அளவில் அவரே இத்துறையின் தந்தை.

இனிக் கள ஆய்வு. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிறன்று, கைவிடப்பட்ட குவாரி ஒன்றின் மேல்விளிம்புக்குத் துணை ஆய்வாளருடன் சென்றோம். துணை ஆய்வாளர் குரோம்பேட்டையில் ஃபிளாட் வாங்கித் தவணை கட்டி வருபவர். தாவரவியலில் அவர் கோட்பாடு எளியது: சாப்பிடக் கூடியது கீரை, மற்றது களை. கீழே தேங்கிய பச்சை நீரில் இறங்குவது ஆய்வு எல்லைக்குள் வராது. குவாரியில் ஆழம் படிப்படியாக வராது, ஓரடி தள்ளினால் பாதாளம். கோடை விடுமுறையில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இந்த வாக்கியங்களில் மட்டும் நாம் விளையாடவில்லை.

பாறைச்சுவரில் டிரில் போட்ட தடங்கள் பாதிக் குழாய்களாக மேலிருந்து கீழே வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடியில் சேர்ந்த கல்தூளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலமாக விஷ்ணுகிராந்தி பூத்திருந்தது. சற்றுத் தள்ளித் தும்பை. முட்புதருக்குள் ஆவாரை. இங்கே அடிப்படைச் சிக்கல் எழுகிறது. மலை என்பதால் இது குறிஞ்சி. மலை இல்லாமற் போனதால் குறிஞ்சி ஆகாது. புதர்க்காட்டால் முல்லை. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்களே, அந்த நீர்வளத்தால் மருதம் எனவும் வாதிடலாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலம்பு. வெயிலால் மட்டுமல்ல, கம்ப்ரஸராலும் திரியும் என்பது இவ்வாய்வின் பங்களிப்பு.

பூவை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். ஆனால் இந்தச் சரிவில் அதிகம் பூத்திருந்தவை உண்ணிச்செடியும் மூக்குத்திப்பூவும், இரண்டும் அமெரிக்கக் கண்டத்து வரவுகள். ஒரு நிலத்துப் பூ வேறு நிலத்தில் வந்தாலும் குற்றமில்லை என்று தொல்காப்பியர் இடம் விட்டிருக்கிறார். கப்பலேறி வரும் என்று நினைத்திருக்க மாட்டார். ஆயினும் சரளையில் சறுக்கித் துணை ஆய்வாளருக்கு முழங்கை சிராய்ந்தபோது, அதே மூக்குத்திப்பூச் செடியின் இலையைத்தான் கசக்கிப் பிழிந்தோம். நம் கிராமங்களில் அதற்கு வெட்டுக்காயப்பூண்டு என்றே பெயர். எரிச்சலில் அவர் சொன்ன சொற்கள் எத்திணைக்கும் பொதுவானவை.

வலி அடங்கியதும் நமது மையக் கருதுகோளை அவரிடம் வைத்தோம். இந்த மலை அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அடித்தளமாக, தூணாக, தளமாக ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் அது நிற்கிறது. ஆக, மலையேற விரும்புவோர் மொட்டைமாடிக்குப் போனால் போதும். மலை எங்கிருந்து வந்தது என்று காண விரும்புவோரே இங்கு வரவேண்டும்.

அவர் பள்ளத்தை நெடுநேரம் பார்த்தார். “அப்போ மாசா மாசம் நான் இ.எம்.ஐ. கட்டுறது இந்தக் குழிக்காடா?” என்றார். பில்டர் சொன்ன சதுர அடியில் குறைந்த மிச்சமும் இங்கேதான் இருக்கும் என்று ஒரு துணைக் கருதுகோளும் முன்வைத்தார். அதை மேலாய்வுக்கு ஒதுக்கியுள்ளோம்.

எஞ்சியது உரிப்பொருள். ஒன்றரை மணி ஆகியும் நாம் குறிப்பெடுப்பதை நிறுத்தவில்லை. அவர் பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்தார். காத்திருத்தல் முல்லைக்கு உரியது, ஆகவே குவாரி முல்லைத்திணை என்று முடிவுகட்டினோம். அவர் ஒப்பவில்லை. தாம் காத்திருக்கவில்லை, மெஸ்ஸில் மீன்குழம்பு தீர்ந்திருக்குமே என்று இரங்கிக்கொண்டிருந்ததாகவும், அதனால் இது ஐயமற நெய்தல் என்றும், கருப்பொருளாக மீனே இருக்கிறது என்றும் மறுத்தார். அவர் வாதத்தில் இலக்கணப் பிழை எதுவும் காணக் கிடைக்கவில்லை.