சும்மா பார்த்தவர் சொன்னது: ஒன்பதாம் மெய்ப்பாடு குறித்த ஓர் ஆய்வு

மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இளம்பூரணரும் பேராசிரியரும் இவற்றுக்கு விரிவாக உரை எழுதினார்கள். எழுதியும் ஒன்றை விட்டுவிட்டார்கள். படம் முடிந்து வெளியே வருகிறவரிடம், "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கீழ் உதடு லேசாகப் பிதுங்கும். தலை ஒரு பக்கமாகச் சாயும். "ம்ம்... ஒரு தடவை பாக்கலாம்" என்பார். இது நகையா, இளிவரலா? உவகை நிச்சயமாக இல்லை. வடமொழி மரபில் ஒன்பதாவதாகச் சாந்தம் என்று ஒன்று உண்டுதான். ஆனால் பார்க்கிங்கில் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் நிற்பவரின் முகத்தைச் சாந்தம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எனவே இது தனி மெய்ப்பாடு என்று கொண்டு மேலே செல்வோம்.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துவிடுகிறேன். விமர்சகர்கள் இதற்குள் வரமாட்டார்கள். 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய காலத்திலிருந்து அவர்களுக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்தது 62½ மதிப்பெண். அந்த அரை மதிப்பெண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது. நம்மவர் அரைக்கெல்லாம் இறங்கமாட்டார். அவரிடம் இருப்பவை மூன்றே அளவைகள்: சூப்பர், பரவால்ல, மொக்கை. ரசிகர் மன்றத்தாரும் ஆய்வில் இல்லை. அவர்களுடைய கருத்து படம் வருவதற்கு முந்தின நாளே தயாராகிவிடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் என் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும். கேட்காமலே சொல்பவர்கள் என்பதால் தரவு திரட்டும் செலவு காபியோடு முடிந்தது.

கருதுகோள் இது: ஒருவர் படத்தைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கும் அந்தப் படத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

பிறகு எதோடு சம்பந்தம்? இதற்கும் பழைய வழியே வசதியாக இருக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலமாவது இருக்கை. முதல் வரிசையில் கழுத்தை அண்ணாந்து பார்த்தவருக்கு ஒளிப்பதிவு பிடிக்காது. பொழுதாவது காட்சி நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மேட்னி போனவர்கள் அனைவரும், எந்தப் படமானாலும், "செகண்ட் ஹாஃப் இழுவை" என்றே சொல்கிறார்கள். இடைவேளைக்குப் பின் அவர்கள் கண் திறந்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கருப்பொருள், பாப்கார்ன் விலை, ஏசி, பின் சீட்டில் அழுத குழந்தை முதலாயின. இவற்றில் தயங்கி நிற்க ஒன்றுமில்லை.

உரிப்பொருளுக்கு வருவோம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார்? மாமனார் செலவில் படம் பார்த்த மாப்பிள்ளை, புதுசாக இருக்கும்வரை, "நல்லாத்தான் இருந்துச்சு மாமா" என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. தலைப்பிள்ளை பிறந்த பிறகுதான் திரைக்கதையில் ஓட்டை தெரிய ஆரம்பிக்கிறது. சொந்தக் காசில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். போன பணத்துக்காகத் திட்டுகிறவர் ஒருவகை. போன பணத்தை நியாயப்படுத்துவதற்காகவே புகழ்கிறவர் இன்னொரு வகை. ஒரே வீட்டில் கணவர் முதல் வகையாகவும் மனைவி இரண்டாம் வகையாகவும் இருப்பதுண்டு. படத்துக்குப் போகலாம் என்று சொன்னது யார் என்று விசாரித்தால் காரணம் விளங்கிவிடும்.

சீரியல்களில் காசு பிரச்சினை இல்லை. அங்கே பார்த்தோம் என்று ஒத்துக்கொள்வதுதான் சிக்கல். "நான் சீரியல்லாம் பாக்குறதில்லப்பா, உங்க அத்தை வச்சிருப்பா, காதுல விழும்" என்றார் என் மாமா. 'மெட்டி ஒலி'யில் சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் யாருக்கு எந்த வீட்டில் என்ன கொடுமை நடந்தது என்று வரிசை தப்பாமல் சொன்னதும் அவரேதான். காதில் மட்டும் விழுந்ததற்கு, புடவை நிறம் வரை தெரிந்திருக்கிறது. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது, சீரியலே பார்க்காத என் உறவுக்கார ஆண்கள் உண்மையாகவே கலங்கிப்போனார்கள். அடுத்து அந்த வேடத்துக்கு யார் பொருத்தம் என்று அன்று ராத்திரியே யோசனையும் சொன்னார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு நடிகருக்கு இதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியாது.

வெப் சீரிஸ் வகையில் கருத்து மிகவும் தூய நிலையை எட்டுகிறது, அதாவது பார்க்கவே வேண்டியதில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 73 எபிசோட் ஓடி 2019-இல் முடிந்தது. "கடைசி சீசன்ல சொதப்பிட்டான்" என்று சொல்பவர்களிடம் அதற்கு முந்தைய சீசன்களில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது, பேச்சு மாறிவிடும். 'பிரேக்கிங் பேட்' பார்க்கச் சொல்லும் தம்பிமார், "முதல் சீசனைப் பொறுத்துக்கோங்கண்ணே, அப்புறம் சூடு பிடிக்கும்" என்கிறார்கள். மொத்தம் 62 எபிசோட். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு பொறுமையாகப் பந்திக்குக் காத்திருக்கச் சொல்லமாட்டார்கள்.

இனி இத்துறையின் தீராத புதிருக்கு வருகிறேன். இதை 'அன்பே சிவம் சிக்கல்' என்று அழைக்கலாம்.

கமலும் மாதவனும் நடித்து, சுந்தர்.சி இயக்கிய அந்தப் படம் 2003 பொங்கலுக்கு வந்தது. ஓடவில்லை. அதே பொங்கலுக்கு வந்த 'தூள்' ஓடியது. இது வரலாறு. ஆனால் இன்று நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், "தியேட்டர்ல பாத்தேன், அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல" என்கிறார்கள். இத்தனை பேர் அப்போதே பார்த்திருந்தால் படம் வெள்ளிவிழா கண்டிருக்க வேண்டும். கணக்கு இடிக்கிறது. 'குணா'வின் கதையும் இதுதான். 1991 தீபாவளியன்று 'தளபதி'யோடு வந்து திணறிய படம். 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளத்திலிருந்து வந்து 'குணா' எடுக்கப்பட்ட குகையைக் காட்டியதும், நம் ஊரில் ஆளாளுக்கு 1991-இல் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்வந்துவிட்டார்கள். 2010-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியல, தலைவலி" என்று சொன்ன சித்தப்பா, இப்போது அது காலத்துக்கு முந்தி வந்துவிட்ட படம் என்று எனக்கே வகுப்பெடுக்கிறார்.

இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவது ஆய்வாளனுக்கு அழகல்ல. எல்லோரும் பார்த்தது உண்மை. பார்த்த இடம்தான் வேறு: டிவியில், விடுமுறை நாளில், விளம்பரங்களுக்கு நடுவே, தலையணையைச் சாய்த்துக்கொண்டு. அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பாப்கார்ன் விலை இல்லை, பார்க்கிங் இல்லை, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்ற கேள்வியும் இல்லை. முதல், கரு, உரி மூன்றும் நீங்கிய பிறகு மிச்சம் இருந்தது படம் மட்டுந்தான். அது நல்ல படமாகவும் இருந்துவிட்டது. எனவே நம் கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

ஒரே ஒரு தடைதான் பாக்கி. 2003 பொங்கல் வாரத்தில் 'அன்பே சிவம்' பார்த்த டிக்கெட்டின் கிழித்த பாதி எவரிடமாவது இருந்தால், அன்புகூர்ந்து இந்த ஆய்வாளனுக்குக் காட்டி உதவவும். "நான் அப்பவே பாத்தேன்" என்னும் வாய்மொழிச் சான்றுகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.