நாய்வாசலியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வீட்டுக் கதவின் அடிப்பகுதியில் செவ்வகமாக ஒரு துளை போட்டு, அதில் மேலிருந்து தொங்கும் மடல் ஒன்றை மாட்டினால் அது நாய்வாசல். நாய் மூக்கால் முட்டினால் மடல் விலகும்; நாய் போனதும் தானே தொங்கி மூடிக்கொள்ளும். கருவி இவ்வளவுதான். ஆனால் துளை போட்டு முடித்த அன்று மாலை நடப்பது வேறு. ஏறத்தாழக் குடும்பம் மொத்தமும் துளைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு "வாடா, வாடா" என்று கெஞ்சுகிறது. நாய் அந்தப் பக்கம் உட்கார்ந்து, பெரிய கதவை எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆய்வுக் களம் கோவைப் பக்கத்து வீடு ஒன்றின் புறக்கடைக் கதவு. ஆய்வுக்கு உட்பட்டது மணி என்னும் நாட்டு நாய். தெருநாய்கள் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. இந்த எல்லையை அவை ஏற்கவில்லை என்பது பின்னர் விளங்கும்.

2. முன்னோர் கருத்துகள்

விலங்கு வாசலைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்றும், தாய்ப்பூனைக்குப் பெரிய துளையும் குட்டிக்குச் சிறிய துளையும் போட்டார் என்றும் ஒரு சாரார் கூறுவர். அது பொருந்தாது. என்னை எனின், நியூட்டன் பிறந்தது 1642இல். அதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் எக்சிட்டர் பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் பூனைக்கென்று துளை போட்டுவிட்டார்கள். தச்சருக்குக் கூலி 8 பென்ஸ். கடிகாரக் கயிற்றில் தடவிய கொழுப்பைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பூனை வரும் என்பது ஏற்பாடு. உள்ளே எலி இருக்கும்போது பூனைக்குப் பயிற்சி எதற்கு? ஆகவே பயிற்சி முறை குறித்து எக்சிட்டரிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

நாய்க்கும் கதவுக்கும் உள்ள உறவை முறையாக எழுதிவைத்தவர் விலங்கு உளவியலாளர் லாயிட் மார்கன். அவருடைய ஃபாக்ஸ் டெரியர் டோனி, வெளிக்கேட்டின் கம்பிகளுக்கு இடையே தலையை விட்டுத் தெருவை வேடிக்கை பார்க்கும். ஒருநாள் தலை நிமிர்ந்தபோது தாழ்ப்பாள் தானாகத் தூக்கிக்கொண்டது, கேட் திறந்துகொண்டது. அதன்பின் பலமுறை தப்பும் தவறுமாக முட்டி முட்டித்தான் டோனி அதைப் பழகியது. முடிவை மட்டும் பார்த்தவர் எவரும் "என்ன மூளை!" என்றிருப்பார். தொடக்கத்திலிருந்து பார்த்த மார்கனோ 1894இல் ஒரு விதியையே வகுத்தார்: தாழ்ந்த திறனைக் கொண்டு விளக்க முடிகிற செயலுக்கு உயர்ந்த திறனைக் காரணமாகச் சொல்லாதே. நாய் வளர்ப்போர் அனைவரும் நாள்தோறும் மீறும் விதி இது.

1898இல் எட்வர்டு தார்ண்டைக் என்னும் உளவியலாளர், பூனைகளையும் நாய்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து, தாமே திறந்துகொண்டு வருகின்றனவா என்று பார்த்தார். நமக்கு வேண்டிய முடிவுகள் இரண்டு. ஒன்று, காலைப் பிடித்து அந்த வேலையைச் செய்யவைத்தாலும் விலங்கு கற்பதில்லை. மற்றொன்று, இன்னொரு விலங்கு செய்வதைப் பார்த்தும் கற்பதில்லை. ஆனால் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2001இல் இரண்டாவதை மறுத்தார்கள். V வடிவக் கம்பிவேலிக்குள் தின்பண்டத்தை வைத்து, மனிதர் ஒருவர் வேலியைச் சுற்றிப் போய்க் காட்டினார். அதைப் பார்த்த நாய்கள், பாராத நாய்களைவிட விரைவில் வழியைப் பிடித்துக்கொண்டன. முன்னோர் முரண்படும் இடத்தில் களச்சோதனையே வழி. அதன் விளைவு நான்காம் இயலில்.

3. கருதுகோள்கள்

மணி ஏன் நுழையவில்லை என்பதற்கு மூன்று கருத்துகள் முன்வைக்கப்பட்டன.

துளை சின்னது என்றார் ஆசாரி. "இன்னும் ரெண்டு இஞ்சு அறுத்துத் தர்றனுங்க, கூலி வேண்டாம்." இது பெருந்தன்மையே ஆயினும் ஏற்புடையதன்று. துளையின் மேல்விளிம்பு நாயின் தோள்மேட்டுக்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்க வேண்டும்; அகலம் உடம்பின் பருத்த இடத்தைவிட ஓரிரு அங்குலம் கூட இருக்க வேண்டும். டேப் வைத்துப் பார்த்ததில் இரண்டும் சரியாகவே இருந்தன. மேலும், தன் உடம்பின் அளவு நாய்க்குத் தெரியும். புடாபெஸ்டிலிருந்தே 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடம்பு கொள்ளாத துளையை நாய்கள் தயங்கித் தயங்கியே நெருங்கின. மணி தயங்கவில்லை. அது எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் புரியவில்லை என்றார் அப்பாரு. இதை மறுக்கும் சான்று கொல்லையிலேயே இருந்தது. கொடியில் காயும் புடவைக்குள் மணி தினமும் புகுந்து புறப்படுகிறது. புடவையும் மேலிருந்து தொங்குவதுதான், முட்டினால் விலகுவதுதான், போனதும் மூடிக்கொள்வதுதான். நாய்வாசலின் தத்துவம் முழுவதையும் மணி குட்டியிலேயே கற்றுத் தேர்ந்திருக்கிறது.

"அதுக்கு எல்லாந் தெரியும். நீங்க திட்டுவீங்கன்னுதான் உக்காந்திருக்குது" என்றார் ஆத்தா. ஆத்தா ஆய்வாளர் அல்லர். இதைச் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆயினும் இக்கருத்தே இக்கட்டுரையின் கருதுகோளாகக் கொள்ளப்படுகிறது.

விளக்கம் வருமாறு. மணி குட்டியாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதற்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் "கதவுல கால வெக்காதே." கொசுவலைக் கதவைப் பிறாண்டிக் கிழித்தபோது ஒரு பாடம். வார்னிஷ் அடித்த கதவில் நகக்கீறல் விழுந்தபோது இன்னொரு பாடம். அடி இல்லை, அதட்டல் மட்டும். ஆனால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதட்டினார்கள். மணி அதை ஐயமறக் கற்றது. இப்போது அதே வாத்தியார்கள், அதே கதவைக் காட்டி, "முட்டுடா" என்கிறார்கள். நல்ல மாணவன் என்ன செய்வான்? உட்கார்ந்துவிடுவான்.

4. முறையியல்

கருதுகோள் சரியானால், பயிற்சி என்பது பழைய பாடத்தை அழிப்பது. எனவே மடல் முதலில் கழற்றப்பட்டது, வெறும் துளைதான். ஒருவர் கொல்லையில், ஒருவர் உள்ளே. கையில் முதலில் பொறை. அது எடுபடாததால் வேகவைத்த கோழி ஈரல். ஈரலுக்கு மணி வெறும் துளையைக் கடந்தது. அடுத்து, மடல் இருக்க வேண்டிய இடத்தில் ஆத்தாவின் பழைய நூல்புடவைத் துண்டு தொங்கவிடப்பட்டது. மணி ஒருமுறை மோந்து பார்த்தது, புகுந்து போய்விட்டது. ஈரலைக்கூட எதிர்பார்க்கவில்லை. கருதுகோளின் முதல் பாதி இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

பிறகே பிவிசி மடல். ஏசி கடை வாசலில் தொங்குமே, அதே கண்ணாடித் தாள். முதலில் பாதி சுருட்டித் துணிக் கிளிப் போட்டு, பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கப்பட்டது. அடிவிளிம்புக் காந்தம் "டக்" என்று ஒட்டும் சத்தத்துக்கு மணி பின்வாங்கியதால், காந்தத்தின் மேல் சில நாள் டேப் ஒட்டப்பட்டது. பின்னாலிருந்து தள்ளலாம் என்ற அப்பாருவின் யோசனை, தார்ண்டைக்கை மேற்கோள் காட்டி மறுக்கப்பட்டது. தார்ண்டைக் எந்த ஊர்க்காரர் என்று அப்பாரு கேட்டார்.

புடாபெஸ்ட் முறையும் சோதிக்கப்பட்டது. மாமா மண்டியிட்டு, தலையும் ஒரு கையும் துளைக்குள் விட்டார், தோள் நின்றுகொண்டது. மடல் அவர் பிடரியில் விழுந்தது, கண்ணாடி கழன்றது. மறுபக்கம் உட்கார்ந்திருந்த மணி அவர் முகத்தை நிதானமாக நக்கியது. மாமாவை வெளியே இழுத்தபின் மணி அதே இடத்தில் உட்கார்ந்து துளையையே பார்த்தது. துளை வழியாகத் தலைகள் வரும் என்பதை அது கற்றுக்கொண்டது. நாம் கற்பிக்க நினைத்தது அதுவன்று.

மணி தானாக முட்டிய முதல் முறை நடந்தது இது. பிவிசியில் ஈரமாக ஒரு மூக்குத்தடம் விழுந்தது. மடல் சற்றுப் புடைத்தது. நெற்றி மேலே மடல் வழுக்கியபோது மணி கண்ணை இறுக மூடிக்கொண்டது. காது இரண்டும் கழுத்தோடு படிந்தன. முன்னங்கால் இரண்டும் வெளியே வந்து, இடுப்பு உள்ளே நின்றது. அந்த நிலையில் மணி திரும்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. யாரும் அதட்டவில்லை. பின்னங்கால்களும் வந்தன.

5. கண்டடைவுகள்

ஒன்று: வெளியே போவதும் உள்ளே வருவதும் இரண்டு பாடங்கள். நன்றாக வெளியே போகக் கற்ற மணி, திரும்பி வர முன்வாசலுக்குச் சுற்றிப் போய்க் குரைத்தது. உள்ளேயிருந்து பார்த்தால் மடலில் கொல்லை வெளிச்சம் தெரியும். வெளியேயிருந்து பார்த்தால் இருட்டு. போதாததற்குக் கொல்லைத் தரை ஒரு படி தாழ்வு; உள்ளே மணிக்கு முழங்கால் உயரத்தில் இருக்கும் கீழ்விளிம்பு, வெளியே நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். துளைக்கு வெளியே செங்கல் அடுக்கி மேடை போட்டு, ஈரல் காட்டியவர் இடம் மாறி உட்கார்ந்தபின்பே இரண்டாம் பாடம் முடிந்தது.

இரண்டு: எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட தெருநாய் ஒன்று, மணியின் பயிற்சி முழுமையடைந்த வாரத்திலேயே, இரவில் நாய்வாசல் வழியாக வந்து மணியின் சோற்றைத் தின்றுவிட்டுப் போனது. அதற்கு ஈரல் இல்லை, புடவை இல்லை, மாமா இல்லை. கதவைத் தொடாதே என்று அதை யாரும் அதட்டியதில்லை. ஆகவே அதற்கு அழிக்க வேண்டிய பாடமும் இல்லை. ஒப்பீட்டுக் குழு இல்லை என்று இந்த ஆய்வைக் குறைகூற எண்ணியவர்களுக்கு, அது தானே வந்து விடையளித்தது. கருதுகோளின் மறுபாதியும் மெய்ப்பிக்கப்பட்டது.

6. முடிவும் பரிந்துரைகளும்

நாய்வாசல் பயிற்சி தவறுவது பெரும்பாலும் நாயின் மந்தத்தால் அன்று, நாம் முன்பு நடத்திய பாடத்தின் வெற்றியால். ஆகவே ஈரல் வாங்குவதற்கு முன், அந்தக் கதவின் பேரில் இதுவரை யார் யார் அதட்டினார்கள் என்று பட்டியல் போடுக. துளைக்கு அப்பால் மண்டியிட்டுக் கூப்பிட வேண்டியவர்கள் அவர்களே. அதிகம் அதட்டியவர் முதலில் வருக.

தெருநாயைத் தடுக்க, நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலடியில் வைக்கும் அரிசி அளவு சிப்பில் உள்ள 15 இலக்க எண்ணைப் படித்து, பதிவான நாய்க்கு மட்டும் தாழ் திறக்கும் வாசல்கள் உண்டு. விலையைக் கேட்ட அப்பாரு, இரவில் துளைக்கு முன்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்தார். இதுவும் அதே பயனைத் தந்தது; பதிவான நாயையும் சேர்த்துத் தடுத்தது.

மேலாய்வுக்கு உரியது ஒன்று உண்டு. வீட்டில் யாரும் இல்லாதபோது நாய்வாசலைத் தாராளமாகப் பயன்படுத்தும் மணி, விடியற்காலையில் அப்பாரு கதவருகே வந்து நின்றால் மட்டும் உட்கார்ந்துகொள்கிறது. அப்பாரு அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டு, பெரிய கதவையும் திறந்துவிடுகிறார். "இத்தனை செலவு பண்ணியும் நான்தான் தொறக்க வேண்டியிருக்குது" என்று தினமும் சொல்கிறார். ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை. மேற்கண்ட பட்டியலில் முதல் பெயர் அவருடையது என்பதையும், துளைக்கு முன் மண்டியிட அவர் மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டார் என்பதையும் வருங்கால ஆய்வாளர் கருத்தில் கொள்க.