மணிக்கு ஒரு தூறல்

1998இல் பெரியப்பா என்னிடம் கேட்டது மிகச் சின்ன உதவி. பொள்ளாச்சிப் பக்கத்து நாற்றுப்பண்ணையில் மணிக்கு ஒருமுறை, ஒரே ஒரு நிமிடம், தூறல் குழாய் திறக்க வேண்டும். “எலக்ட்ரானிக்ஸ் படிக்கறயல்ல கண்ணு, இதென்ன பெரிய வேலையா?” என்றார். நானும் இல்லையென்றுதான் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வருடம் பட்டேன்.

முதலில் 555 டைமர் ஐ.சி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்தது. விலை சில ரூபாய். 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். 555இன் சூத்திரப்படி பெருக்கிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை நிமிடம் கூட. காகிதத்தில் அழகாக வந்தது. பண்ணையில் வரவேயில்லை. 12 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் வழியே வருவது நான்கு மைக்ரோஆம்பியர்கூட இல்லை. அந்த ரகக் கெபாசிட்டரோ நூறு மைக்ரோஆம்பியருக்கு மேல் கசியலாம் என்று டேட்டாஷீட்டே அனுமதி கொடுத்திருக்கிறது. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு நிரம்பக் காத்திருந்திருக்கிறேன். நம் முன்னோர் ஓட்டை வட்டிலை வைத்து 24 நிமிட நாழிகையை அளந்தவர்கள். அவர்களுக்குக் கசிவுதான் கடிகாரம். எனக்குக் கசிவே கடிகாரத்தை நிறுத்தியது.

அடுத்து 89சி51 மைக்ரோகன்ட்ரோலர். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் அதன் டைமர் நொடிக்குப் பத்து லட்சம் எண்ணும். ஆனால் 16 பிட் என்பதால் 65,536 வரைதான் எண்ணத் தெரியும். 65 மில்லி நொடியில் நிரம்பி மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் மூச்சு வாங்குகிற ஆளிடம் போய் ஒரு மணி நேரம் காத்திரு என்றால்? எனவே 50 மில்லி நொடிக்கு ஒரு இன்டரப்ட். அப்படி இருபது வந்தால் ஒரு நொடி. 72,000 வந்தால் ஒரு மணி. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு வேலை செய்த சில்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எஸ்.எல்.100 டிரான்சிஸ்டர் ரிலேயைத் தட்ட, வால்வு திறந்தது. பெரியப்பா காபி கொடுத்தார். மறுநாள் கணக்குக் கேட்டார். ஒரு நாளைக்கு 24 தூறல் வர வேண்டிய இடத்தில் 22தான் வந்திருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் கிரிஸ்டலின் தலையில் எழுதியிருந்ததைப் படித்தேன்: 11.0592. சீரியல் போர்ட்டுக்கு 9600 வேகம் பிசகில்லாமல் கிடைக்க வேண்டுமென்று, நான் வாங்கிய கிட்டில் அதைத்தான் போட்டிருந்தார்கள். நான் 12 என்று வைத்துக் கணக்குப் போட்டதில் என்னுடைய மணிக்கு 65 நிமிடம். “உங்க காலேஜ்ல ஒரு மணிக்கு எத்தனை நிமிசம்?” என்றார் பெரியப்பா. கேலியாகக்கூட இல்லை, சந்தேகமாகத்தான் கேட்டார்.

பண்ணை இப்போது அண்ணன் கையில். போன வருடம் அவர் மகன் அர்டுயினோ ஒன்றை வாங்கி, கால் மணி நேரத்தில் தூறலை ஓட்டிக் காட்டினான். “இதுல என்ன சித்தப்பா கஷ்டம்? மில்லிஸ் பார்த்துட்டு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்க வேண்டியதுதானே.” மில்லிஸ் என்பது 32 பிட் எண்ணி, மில்லி நொடியாகவே எண்ணினாலும் நிரம்ப 49 நாள் 17 மணி ஆகும். என் 65 மில்லி நொடி எங்கே, இது எங்கே! கரண்ட் போனாலும் எண்ணிக்கை நிற்காதபடி மொபெட் பேட்டரி வேறு மாட்டியிருந்தான்.

நாற்பத்தொன்பது நாள் ஒழுங்காக ஓடியது. அதற்கடுத்து, எண்ணி நிரம்பும் நேரம் நெருங்கியபோது, “அடுத்த தூறல் எப்போது” என்று கூட்டி வைத்த எண் உச்சத்தைத் தாண்டிச் சுற்றிவந்து மிகச் சிறியதாகிவிட்டது. சில்லுக்கு எப்போது பார்த்தாலும் நேரம் கடந்துவிட்டதாகவே தோன்ற, விடாமல் அரை மணி நேரம் தூறியது. காலையில் தட்டுகளில் தக்காளி நாற்று மிதந்தது. விண்டோஸ் 95க்கும் இதே 49.7 நாள் நோய் உண்டு. வெளியாகி வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நாள் அது விழாமல் ஓடினால்தானே தெரிய. எங்கள் காலத்தில் இந்த நோய் வர வாய்ப்பே கிடையாது. தினம் இரண்டு முறை கரண்ட் போய், எண்ணிக்கை தானாகச் சுழியத்துக்கு வந்துவிடும்.

மருந்து ஒரே வரிதான். கூட்டாதே, கழி: இப்போதைய எண்ணிலிருந்து கடைசியாகத் திறந்தபோது இருந்த எண்ணைக் கழித்து, ஒரு மணி ஆயிற்றா என்று பார். எண்ணி சுற்றி வந்தாலும் கழித்தல் பிசகாது. சொன்னேன். பையன் பணிவாகக் கேட்டுக்கொண்டு, மறுநாளே 64 பிட் எண்ணி உள்ள இஎஸ்பி32 வாங்கிவந்து மாட்டிவிட்டான். மைக்ரோ நொடியாக எண்ணினாலும் 64 பிட் நிரம்ப 5,84,000 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று எனக்கே வகுப்பு எடுத்தான்.

கூடவே புது பேட்டரியும் மாட்டியிருக்கிறான். அதற்கு வாரண்டி ஒரு வருடம்.