வேன் ஏறுமுன்ன ஒரு வார்த்தை தம்பி

அடுத்த புயலுக்கும் வருவீங்கள்ல தம்பி? வாங்க வாங்க. புயலும் எங்களுக்குப் புதுசில்ல, நீங்களும் புதுசில்ல. 2018 நவம்பர் 16 விடியுமுன்ன கஜா கரையேறுச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துருச்சு. அது போன கையோட உங்க நிவாரண வேனுங்க வரிசை கட்டுச்சு.

கிளம்புமுன்ன ஊர்ல ஒருத்தருக்கும் போன் பண்ணிடாதீங்க. என்ன வேணும்னு சொல்லித் தொலைச்சிருவாங்க. அப்புறம் தார்ப்பாய், மரம் அறுக்குற மிஷின், டேங்குக்குத் தண்ணி ஏத்த ஜெனரேட்டருன்னு நீங்கதானே அலையணும்? பழைய துணின்னா வீட்டுலயே கெடக்கு. 2004 சுனாமிக்கு நாகப்பட்டினம் ரோட்டோரம் மலைமலையா கொட்டிட்டுப் போனீங்களே! அதுல ஒரு கம்பளிக் கோட்டு வந்துச்சு. எங்க பங்காளி வீட்டு மாடு மிச்ச மார்கழி பூரா கோட்டு போட்டுக்கிட்டுத்தான் சாணி போட்டுச்சு.

வந்தா மெயின் ரோட்டை விட்டு இறங்கிடாதீங்க. மறிச்சு நிக்கிற பசங்ககிட்டயே மூட்டையை இறக்கிடுங்க. ரோட்டோர வீட்டுல பாய் மேல பாய் அடுக்கி, மெத்தையாட்டம் படுத்துக்குவோம். வாய்க்காலுக்கு அக்கரையில காலனி ஒண்ணு இருக்கு. அங்க எதுவும் போய்ச் சேந்துச்சான்னு எங்ககிட்டக் கேக்காதீங்க, எங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

சுனாமி சமயத்துல நாகப்பட்டினத்துல தொண்டு நிறுவனங்களை ஒண்ணா உக்கார வச்சு, எந்த ஊருக்கு யாரு, என்ன வேலைன்னு பாக்க ஒருங்கிணைப்பு மையமே நடத்துனாங்க. அந்த மாதிரி இடத்துல மாட்டிக்காதீங்க. பேரெழுதிக்கிட்டு, லாரி ஓட்டத் தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா, எத்தனை நாளு இருப்பீங்கன்னு குடைவாங்க. ‘எந்த வேலைக்கும் ரெடி’ம்பீங்க. அதுக்கு நோட்டுல கட்டமே இருக்காது.

கஜாவுல லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் விழுந்துச்சு. வெளியூரு லைன்மேனுங்க வந்தாங்க. எந்த லைனு, எத்தனை கம்பம்னு கேட்டுக்கிட்டு, சேத்து வயல்ல கம்பத்தைத் தோள்ல சுமந்து நட்டாங்க. சோறு போட்டாத் தின்னுட்டு அடுத்த கம்பத்துக்குப் போயிருவாங்க. பேச்சுத்துணைக்கு ஆகாத ஆளுங்க தம்பி! உங்களை மாதிரி வருமா?

சோறு, படுக்கை எதுவும் கொண்டாராதீங்க. நீங்க விருந்தாளி, நாங்க பாத்துக்குறோம். கூரைதான் போயிருச்சே, ராத்திரி நல்லாக் காத்து வரும். கக்கூசு மட்டும் கொஞ்சம் தேடணும். போன புயல்ல அதோட கதவு பக்கத்து ஊரு கொளத்துல கெடந்துச்சு.