டீசலில் பெயர் எழுத முடியுமா?

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் அரசுப் பணத்தில் இலவசமாக ஓடுகிறது. எவ்வளவு பெரிய அநியாயம்! வரி கட்டிய இத்தனை பேரில் ஒருவருக்காவது சால்வை உண்டா?

அதிராம்பட்டினத்துக்காரர்களுக்கு விவரம் தெரியும். துபாயிலிருந்து பணம் வரும், ஊருக்கு ஆம்புலன்ஸ் வரும், பானட்டிலிருந்து பின்கதவு வரை பெயர்கள் வரும். டீசலும் டிரைவர் சம்பளமும்தான் வராது. நியாயம்தானே, டீசலில் பெயர் எழுத முடியுமா?

வழி இருக்கிறது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் வரை கிலோமீட்டருக்கு ஓர் உபயதாரர். சைரனை நிறுத்தி நிறுத்தி மைக்கில் அறிவிப்பு. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவருக்காகக் கூரையிலும் பட்டியல். வாசித்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துவைப்பது அவர் பொறுப்பு.

இதற்கிடையே ஒருவர், பெயரே வேண்டாமென்று ஒரு வருஷ டீசலுக்குப் பணம் நீட்டினார். ஏதோ வில்லங்கம் என்று ஆம்புலன்ஸ் கமிட்டி வாங்க மறுத்துவிட்டது.