பைதான் பதவிசாரம்

கணினி முனையத்திலே எண் ஒன்றும் சேர்க்காது ‘பைதான்’ என்று மட்டும் அடித்து என்டர் விசையை அழுத்துங்கால், எழுந்து வந்து விடை பகர வேண்டியது இரண்டாம் பதிப்பா, மூன்றாம் பதிப்பா என்னும் வினா, லௌகிகர்க்கு அற்பமாய்த் தோன்றுமாயினும், 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு அவதரித்தது முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்காலம் நிரலாளர் குலத்தை இரு கட்சியாக்கி வைத்த மகிமை அதற்கு உண்டாதலின், சாஸ்திரோக்தமாக அதனை ஆராயப் புகுகின்றோம். நமக்கு மூல ஆதாரம், எம் கணினித் திரையின் விளிம்பில் நண்பரொருவர் ஒட்டிச்சென்ற மஞ்சட் சீட்டாகும்.

முதற்கண் சொற்பிறப்பு. ‘பை’ என்னும் பெயரோடு ‘தான்’ என்னும் தேற்ற இடைச்சொல் புணர்ந்ததென்பதும், மலைப்பாம்பைக் குறித்ததென்பதும் தள்ளத்தக்கன. மான்ட்டி பைதான் என்னும் நகைச்சுவைக் குழுவினரின் நிகழ்ச்சியிலிருந்து எடுத்த பெயரென்று, இந்நிரல்மொழியை இயற்றிய கைடோ வான் ராசமே சொல்லிவிட்டார். ஆசிரியர் உயிரோடிருந்து உண்மையை உரைத்துவிடும் துறைகளில் ஆராய்ச்சி வளர்வதில்லை.

காலம்: இரண்டின் கடைசிக் கிளையாகிய 2.7க்கு 2015இல் அந்திமம் என்று முதலில் குறித்து, பின் 2020க்குத் தள்ளினர். நம் புலவர் பெருமக்களின் கால நிர்ணயங்கள் ஐந்நூறாண்டு முன்பின் உலாவுவதை நோக்க, இந்த ஐந்தாண்டு ஒரு பொருட்டன்று.

இனி இலக்கணம். ‘ஊறுகாய்’ என்பதில் முக்காலமும் தொக்கு நிற்றல் போல, ‘பைதான்’ என்பதில் எண் தொக்கு நிற்கின்றது, இதனை ‘எண்தொகை’ என்க (மஞ்சட் சீட்டு, வரி 1, ஆண்டின் கடைசி இலக்கம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காபிக் கறை). விரிப்பதில் பிழை நேரின் விளைவு கொடிது: மூன்றை இரண்டால் வகுக்கச் சொன்னால், மூன்றாம் பதிப்பு ஒன்றரை என்னும், இரண்டாம் பதிப்போ ஒன்றென்று சொல்லி, அரையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

எண்தொகையை விரிப்பதில் லினக்ஸ் வழங்குவோரிடை மதங்கள் பல. ஆர்ச் லினக்ஸார் 2010இலேயே ‘மூன்று’ என்றனர். 2011இல் வரையப்பட்ட பெப் 394 என்னும் பைதான் முன்மொழிவு ஸ்மிருதி, முதலில் ‘இரண்டு’ என்று விதித்து, 2019இல் ‘வழங்குவோர் இஷ்டம்’ என்று நெகிழ்ந்தது. ரெட் ஹாட் எட்டாம் பதிப்பினர் நேதி மார்க்கத்தினர். எண்ணின்றி அழைப்போர்க்கு அங்கே, தாமாக ஏற்பாடு செய்துகொண்டாலன்றி, எவரும் வாரார்.

இவையனைத்தினும் மேலானது உபுண்டு 20.04இல் வழங்கிய ‘பைதான்-இஸ்-பைதான்3’ என்னும் தொகுப்பாம். எழுவாயும் பயனிலையும் அமைந்த ஒரு வாக்கியமே பெயராகிய பொதி இது. உள்ளே பார்த்தால், ‘அழைத்தவர் மூன்றிடம் செல்க’ என்னும் கைகாட்டிக்கு மேல் அதிகம் இல்லை. நாமமே உபதேசமாய், உபதேசமே வஸ்துவாய் நிற்றலின் இதனை மகாவாக்கியம் என்பதில் தடையென்ன? ‘பைதான்-இஸ்-பைதான்2’ என்னும் பூர்வபட்சமும் அதே பண்டகசாலையில் கிடைத்ததும், இரண்டும் பிறந்த மூலப்பொதிக்கு ‘வாட்-இஸ்-பைதான்’, அதாவது ‘பைதான் என்பது யாது?’ என்று பெயரிட்டிருந்ததும், உபுண்டுக்கு முன்னோராகிய டெபியன் மரபினர் உபநிடதம் ஓதியே பொதி கட்டினர் என்ற எம் கொள்கைக்கு அரண் செய்வன (மஞ்சட் சீட்டு, பின்புறம், கறையின் தென்மேற்குக் கரை, பென்சிற் கீறல், கீறல் பல்குத்தும் குச்சியால் ஆனதென்பாரும் உளர்).

அச்சீட்டின் அடியில், ‘ஐயா, பேசாமல் 3 சேர்த்து அடியுங்கள்’ என்றொரு வரி தெளிவாகவே காணப்படுகின்றது. நடையாலும் மையாலும் ஏனைய வரிகளோடு அது முற்றும் ஒத்திருப்பினும், இவ்வாராய்ச்சிக்கு இடமின்றிச் செய்வதால், பிற்காலத்தார் இடைச்செருகல் என்பதே எம் துணிபு.