தோட்டமும் கஜானாவும்

(பதில் சொல்கிறவர்: மட்டாஞ்சேரியில் வசிக்கிற, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற, வரிப் பணத்தில் ஒரு ரூபாய் வீணானாலும் புலம்புகிற பழமைவாதக் கிறிஸ்தவர்.)

தோப்பும்படி வாசகர்: பழமைவாதி என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் காடு, ஆறு, கடல் என்றுதான் எழுதுகிறீர்கள். இரண்டும் ஒட்டவில்லையே?

முன்னோர் விட்டுப்போனதைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்க நினைப்பவன்தான் பழமைவாதி. மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்களிடம் "இது 1555ல் கட்டிய அரண்மனை, அது 1568ல் கட்டிய யூதர் ஆலயம்" என்று பெருமையாகக் கைகாட்டுகிறோம். இரண்டையும்விடப் பழையது மிளகு விளைந்த மலை. மிளகு இல்லையென்றால் போர்த்துகீசியர் வந்திருக்க மாட்டார்கள், அவர்கள் கட்டிய அரண்மனையும் எழும்பியிருக்காது. கட்டடத்தைக் காப்பவன் பழமைவாதி, மலையைக் காப்பவன் மட்டும் புரட்சிக்காரனா?

பள்ளுருத்தி வாசகர்: பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்று ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறதே, சார்?

இருக்கிறது. இரண்டாம் அதிகாரமும் இருக்கிறது. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை அங்கே வைத்ததாக அதில் வருகிறது. அது வேலை நியமனம். பட்டா எழுதிக் கொடுத்ததாக எங்கேயும் இல்லை. லேவியராகமம் 25ல் நிலத்துக்கே ஏழாம் வருடம் ஓய்வு. உபாகமம் 20ல், எதிரியின் பட்டணத்தை முற்றுகையிடும்போதுகூடப் பழமரத்தை வெட்டத் தடை. யுத்தத்துக்கே விலக்கு இல்லை; நான்குவழிச் சாலைக்கு உண்டா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கட்டப்பனை வாசகர்: மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றிய காட்கில் குழு அறிக்கையை எதிர்த்ததே எங்கள் திருச்சபைதான். நீங்கள் எங்கள் பக்கமா, காட்கில் பக்கமா?

முதலில் உங்கள் பக்கம், பிறகு அவர் பக்கம். 1940களில் உணவுப் பஞ்சம் வந்தபோது காட்டைத் திருத்திப் பயிர்செய்யச் சொன்னதே அரசாங்கம்தான். மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டி மலையேறிய குடும்பங்கள் பட்டாவுக்காகப் பல பத்தாண்டுகள் நடையாய் நடந்தன. அப்படிப்பட்டவரிடம் டெல்லியிலிருந்து ஒரு காகிதம் வந்தால் வெளியேறச் சொல்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அவருடைய பயத்தில் குற்றமில்லை. அறிக்கை கொடுக்கப்பட்டது 2011ல். அரசாங்கம் அதை அமுக்கி வைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் போராடித்தான் 2012ல் வெளியே எடுக்க முடிந்தது. மறைத்து வைத்த காகிதத்தைப் பற்றி வதந்திதானே பரவும்?

வேதனை அதற்கப்புறம்தான். எந்த ஊரில் எது கூடும், கூடாது என்பதைக் கிராம சபைகளோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்றார் காட்கில். கத்தோலிக்க சமூகப் போதனையும் இதையேதான் சொல்கிறது. சின்ன அமைப்பால் செய்ய முடிவதைப் பெரிய அமைப்பு பிடுங்கக் கூடாது என்று 1931லேயே பாப்பரசர் பதினோராம் பயஸ் எழுதிவிட்டார். ஆக, ஆயர்கள் இரண்டு கையாலும் வரவேற்றிருக்க வேண்டிய அறிக்கை அது. நடந்தது வேறு. அறிக்கையை ஆதரித்த இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்கு உயிரோடு இருக்கும்போதே சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014ல் காங்கிரஸ் அவருக்கு சீட்டும் கொடுக்கவில்லை. விவசாயியின் பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு லாபம் பார்த்தவை கல் குவாரிகள்.

எர்ணாகுளம் வாசகி: சுற்றுச்சூழல் என்பது இடதுசாரிகளின் சமாச்சாரம் இல்லையா?

2014ல் இடுக்கியில் காட்கில் அறிக்கையை எதிர்த்தவர்களின் வேட்பாளரை ஆதரித்து ஜெயிக்கவைத்ததே இடதுசாரி முன்னணிதான். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970ல் தொடங்கியவர் வலதுசாரி நிக்சன். 1989ல் ஐ.நா. சபையில் பருவநிலை ஆபத்தைப் பற்றிப் பேசியவர் மார்கரெட் தாட்சர். அவரை இடதுசாரி என்று சொல்ல யாரும் இன்னும் பிறக்கவில்லை. கல் குவாரி என்று வந்துவிட்டால் நம் கட்சிகள் எல்லாம் ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம்.

கோயம்புத்தூர் வாசகர்: அரசாங்கம் செலவைச் சுருக்க வேண்டும் என்பீர்கள். அடுத்த வரியில் ஆற்றுக்கும் மலைக்கும் பணம் ஒதுக்கச் சொல்வீர்கள். எதைத்தான் நம்புவது?

இரண்டையும். காக்காமல் விட்டதற்கு நாம் கட்டிய பில்களைப் பாருங்கள்.

செல்லானத்தில் 7 கிலோமீட்டர் சொச்சம் கடற்கரைக்கு டெட்ராபாட் கடல் சுவர்: 344 கோடி. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 கோடி. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச் 2ஆம் தேதி பற்றிக்கொண்டது. ஒன்றரை வாரத்துக்கு மேல் நகரம் புகையைக் குடித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு விதித்த அபராதம் 100 கோடி. மாநகராட்சிக்கு என்றால் யாருக்கு? புகையைக் குடித்தவருக்கேதான். 2024 ஜூலை 30ல் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. கேரளம் உதவி கேட்டது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 529.50 கோடி ரூபாயைக் கடனாகக் கொடுத்தது. வட்டி இல்லை, ஆனாலும் கடன் கடன்தான்.

எல்லா மழைக்கும் மனிதனே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கச் செலவை வெறுக்கிறவர்தான் காட்டை முதலில் காக்க வேண்டும். சதுப்பு நிலத்தைச் சும்மா விட்டுவைக்க டெண்டர் தேவையில்லை. அதை மூடினால்தான் பம்பு, வடிகால், நிவாரணம், விசாரணைக் கமிஷன் என்று வரிசையாக டெண்டர் வரும்.

செல்லானம் வாசகி: அப்படியானால் எங்கள் கடல் சுவர் வீண்செலவு என்கிறீர்களா?

இல்லை, அம்மா. மழைக்காலம் வந்தாலே அடுப்படிக்குள் கடல் வந்த வீடுகளுக்கு அது தாமதமாக வந்த நீதி. வடக்கே கண்ணமாலிக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதும் நியாயமே. என் கேள்வி வேறு. முன்பு அங்கே சுவரின் வேலையைச் செய்துகொண்டிருந்த மணல் எங்கே போனது? துறைமுகத் தூண்டில் வளைவுகளையும் கப்பல் வழியில் வாரும் மணலையும் கரையோர மக்கள் பல வருடங்களாகக் கைகாட்டுகிறார்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14ல் வருகிறது. துறைமுகம் கட்டும்போது போட்ட மதிப்பீட்டில் செல்லானத்து அடுப்படிகளையும் சேர்த்திருக்க வேண்டும்.

திருச்சி வாசகர்: கடன் வாங்கியாவது நல்லது செய்தால் என்ன தப்பு?

கேரளத்தில் அதற்கு 'கிஃப்பி' என்று ஒரு வாரியம் இருக்கிறது. பட்ஜெட்டுக்கு வெளியே கடன் வாங்கிப் பாலமும் பள்ளியும் கட்டுகிறது; செல்லானம் சுவரும் அந்தக் காசில்தான். இதுவும் மாநிலத்தின் கடன்தான் என்கிறது மத்திய அரசு, இல்லை என்கிறது மாநிலம். கடன் வரம்பு வழக்கு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது.

யார் சொல்வது சரியோ, திருப்பிக் கட்டப்போவது பேரப்பிள்ளைகள். கடனையும் கொடுத்து, குப்பைமேட்டையும் கொடுத்து, வெப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் சொத்தா? யோசேப்பு எகிப்தில் செழிப்பான ஏழு வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, பஞ்சத்தில் செலவழித்தார். அந்தக் கைப்பழக்கம் உள்ள நிதியமைச்சர் எந்தக் கட்சியில் இருந்தாலும் என் ஓட்டு அவருக்கே.

மதுரை வாசகி: பக்தியும் சிக்கனமும் இயற்கையும் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் யாராவது இருந்திருக்கிறாரா, அண்ணா?

உங்கள் மாவட்டத்து மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார். ஜே.சி. குமரப்பா. 1892ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் தணிக்கை படித்தார், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். ஏழை நாட்டின் வரிப் பணம் ராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்தார். அதைக் காந்தி தம் பத்திரிகையில் தொடராக வெளியிட்டார்.

பிறகு ஜெயிலில் இருந்துகொண்டு இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றி, மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி. இரண்டும் 1945ல் வெளிவந்தன. மாந்தோப்பில் புகுந்து பறித்துத் தின்கிற குரங்கு ஒரு வகைப் பொருளாதாரம். எல்லோருக்குமாகச் சேர்க்கிற தேனீ இன்னொரு வகை என்று பிரித்தார். நம் பட்ஜெட்டுகளில் குரங்குகளுக்குத்தான் ஒதுக்கீடு அதிகம். கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கியிருந்து, 1960 ஜனவரி 30ல் காலமானார். பழமைவாதி என்று அழைத்தால் அவர் கோபப்பட்டிருப்பார். ஆனால் ஆடிட்டருக்கும் விசுவாசிக்கும் ஒரே கண் இருக்க முடியும் என்று காட்டிவிட்டுப் போனவர் அவர்.

மூணாறு வாசகர்: பெட்டிமுடியைப் பற்றி எழுதுவீர்களா? செத்தவர்கள் தமிழர்கள் என்பதால் மறந்துவிட்டார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் நிற்கச் சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்கள். அடுத்த நாள் கரிப்பூரில் விமான விபத்து. இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது அங்கே 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம். அரசாங்கச் செலவு என்பது யாருடைய உயிருக்கு என்ன விலை என்று போடும் கணக்கும்தான். இந்தப் பதிலில் வேடிக்கை எழுத எனக்குக் கை வரவில்லை.

மட்டாஞ்சேரி வாசகர்: கொச்சி வாட்டர் மெட்ரோ படகுச் சேவைக்கு ஆயிரத்து நூறு கோடிக்கு மேல். சிக்கனக்காரரான உங்களுக்கு வயிறு எரிந்திருக்குமே?

எரியவில்லை, காற்று வாங்கிக்கொண்டு போகிறேன். தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தோண்டவும் வேண்டாம், தார் போடவும் வேண்டாம். படகு ஓடுவது மின்சாரத்தில். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய சேவை, கப்பல் காலத்திலிருந்தே படகு பார்த்த நம் கரைக்கு வந்து சேர 2025 அக்டோபர் ஆனது. அதுதான் வயிற்றெரிச்சல். இன்னொன்று, பக்கத்திலேயே கல்வத்தி கால்வாய் சேறும் சாக்கடையுமாகக் கிடக்க, படகுக்கு மட்டும் பளபளப்பு போதாது. காயல் தூர்ந்தால் கோடிகள் கரையில் நிற்கும்.

ஆலுவா வாசகர்: வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனைக்கு மாதக் கட்டணம் எதற்கு? வரி கட்டுகிறோமே!

குப்பை போடுவது உங்கள் வீடு, எடுப்பது வெயிலில் வருகிற குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள். செய்தவன் செலவை ஏற்கட்டும் என்பது பச்சையான பழமைவாதக் கொள்கை. ஒரு மாதம் கொடுக்காமல் குப்பையை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள், அந்தக் கட்டணம் மலிவு என்று மூக்கே சொல்லும்.

நாகர்கோவில் வாசகர்: கர்த்தருடைய வருகை சமீபம். இந்த நேரத்தில் மரம் நடுவது எதற்கு என்கிறார் எங்கள் சபை மூப்பர்.

அவர் இருபது வருட வீட்டுக் கடன் ஏதும் வாங்கியிருக்கிறாரா என்று பணிவாகக் கேளுங்கள். உக்கிராணக்காரன் உவமையில் எஜமான் கேட்டது கணக்கு. 'நீங்கள் வரப்போகிறீர்களே என்று பார்க்காமல் விட்டுவிட்டேன்' என்ற பதில் அவரிடம் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாலக்காடு வாசகி: சபைகள் பேசுவதோடு சரி. செயலில் என்ன செய்யலாம்?

பேச்சுக்குக் குறைவில்லை என்பது உண்மை. இயற்கையைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையைக் கேரளத்தின் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் 1978லேயே புத்தகமாக எழுதிவிட்டார். சுற்றுச்சூழல் பற்றிய பாப்பரசர் பிரான்சிஸின் சுற்றுமடல் 2015ல் வந்தது. கொச்சி விமான நிலையம் அதே வருடம் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டது. கோயில் கூரைகளுக்கு என்ன தடை? திருவிழாவில் வெடிக்கும் காசில் பாதியைக் கிணற்றுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் கொடுங்கள். சபையின் நிலத்தில் எவ்வளவு நிழல், எவ்வளவு கான்கிரீட் என்று ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் போடுங்கள். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கிற வாய்க்கு முதலில் சொந்தக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

ஃபோர்ட் கொச்சி வாசகி: 1653 ஜனவரி 3ல் நம் மட்டாஞ்சேரியில்தான் கூனன் குரிசு சத்தியம். இன்று ஒரு சத்தியம் எடுப்பதென்றால்?

சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போர்த்துகீசியத் திருச்சபைத் தலைவர்களுக்குக் கீழ்ப்பட மாட்டோம் என்றார்கள் நம்மவர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த சபை இது. இன்றைக்குக் கயிறுகூட வேண்டாம். அடுத்த வார்டு சபைக் கூட்டத்துக்குப் போங்கள். எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு செலவு? கெட்டுப்போவது எது? அதைச் சரிசெய்யும் பில் யார் பெயருக்கு வரும்? மூன்றாவதற்குப் பதில் வரும்வரை கை தூக்காதீர்கள்.